ஒப்பந்தத்தைப் பாதியில் விட்டு வந்தால் என்ன ஆகும்? கடற்கரை ஆட்டக்காரர்களும் வீட்டாரும் கேட்ட கேள்விகள்

நான் கன்னியாகுமரி மாவட்டம் குழித்துறை கோர்ட்டில் வக்கீல். பிறந்து வளர்ந்தது தூத்தூர் பகுதியில். நீரோடியிலிருந்து இரையுமன்துறை வரை எட்டு ஊர்; எல்லா ஊரிலும் பந்து உருளும். இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி அணியில் ஆடி, அங்கிருந்து ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) வரை போன பிறகு, கொல்கத்தா, கோவா, பெங்களூரு என்று கிளப் தேடிப் போகிற பிள்ளைகள் நம் ஊர்களில் கூடிவிட்டார்கள். கூடவே ஒப்பந்தக் காகிதங்களும் வீட்டுக்கு வருகின்றன. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் யாராவது ஒருவர் ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்த ஒப்பந்தத்தை எடுத்து நீட்டுவார். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிவைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன். நான் அதிகம் பார்ப்பது கால்பந்து வழக்குகள், ஆகவே பேச்சும் அதைப் பற்றியே இருக்கும். மற்ற ஆட்டங்களைப் பற்றியும் கடைசிப் பக்கம் கொஞ்சம் உண்டு.

சாரே, காண்ட்ராக்ட் போட்டுட்டுப் பாதியில வந்தா போலீஸ் பிடிக்குமா?

பிடிக்காது. ஒப்பந்தத்தை மீறுவது குற்றம் அல்ல, சிவில் விவகாரம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம்தான் இதற்குப் பொருந்தும், அதில் சிறைத் தண்டனை என்ற பேச்சே கிடையாது. மோசடி வழக்கு போட வேண்டுமானால், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். ஒரே சீசனுக்கு இரண்டு கிளப்பிடம் தெரிந்தே முன்பணம் வாங்கினால் அந்தச் சிக்கல் வரலாம். ஆடப் போய், ஒத்துவராமல் திரும்பி வந்தவன்மேல் அந்தக் குற்றம் நிற்காது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பையன் கிளப்பை விட்டு ஊருக்கு வந்தான். மேனேஜர் போனில் ‘எஃப்ஐஆர் போட்டிருக்கோம்’ என்று மிரட்டிவிட்டார். பயந்துபோய் மாமனுடைய போட்டில் ஏறி ஆழ்கடலுக்குப் போனவன் 25 நாள் கழித்துத்தான் கரைக்கு வந்தான். எஃப்ஐஆர் எதுவும் இல்லை. ஆனால் அதற்குள் கிளப்பின் வக்கீல் நோட்டீஸ் வீட்டுக்கு வந்து, பதில் சொல்லக் கொடுத்த 15 நாளும் தாண்டியிருந்தது. அவனுக்கு நஷ்டம் வந்தது ஒப்பந்தத்தால் அல்ல, அந்தப் பயத்தால். அவன் கதை கீழே மறுபடியும் வரும்.

அப்பம் கோர்ட் நம்மளப் பிடிச்சுக் கொண்டுபோய் ஆட வைக்குமா?

அதுவும் இல்லை. ஒருவருடைய தனித் திறமையை நம்பிப் போட்ட ஒப்பந்தத்தை நிறைவேற்றும்படி கோர்ட் கட்டாயப்படுத்தாது. 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டம், பிரிவு 14, இதைச் சொல்கிறது. மனம் இல்லாதவனை மைதானத்தில் இறக்கி, அவன் ஒழுங்காக ஓடுகிறானா என்று நீதிபதி பார்த்துக்கொண்டு உட்கார முடியாது.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. ‘இந்தக் காலத்தில் வேறு அணிக்கு ஆடமாட்டேன்’ என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், அதைக் கோர்ட் காப்பாற்றலாம். 1852-இல் லண்டனில் யோஹானா வாக்னர் என்ற ஓபரா பாடகி, ஒரு அரங்கத்துக்குப் பாட ஒப்புக்கொண்டுவிட்டு அதிகப் பணம் கொடுத்த வேறொருவரிடம் போனார். அவரைப் பாடச் சொல்லிக் கோர்ட் உத்தரவிடவில்லை. வேறு அரங்கத்தில் பாடக்கூடாது என்று தடை போட்டது. நம் 1963 சட்டத்தின் பிரிவு 42 அதே வழியில் போகிறது. ஒப்பந்தக் காலத்துக்குள் மட்டும் இருக்கும் இப்படிப்பட்ட கட்டுப்பாடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1967-இல், ஒரு மில் ஊழியர் வழக்கில் சொன்னது. காலம் முடிந்த பிறகும் ‘எங்களை விட்டு வேறெங்கும் போகக்கூடாது’ என்று எழுதினால் அது செல்லாது. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 27 அதை அடித்துவிடும்.

பிடிக்கவும் மாட்டாங்க, ஆட வைக்கவும் மாட்டாங்கன்னா பிறகு என்னதான் ஆகும்?

கோர்ட் ஒரு பக்கம், விளையாட்டு அமைப்பு இன்னொரு பக்கம் என்று இரண்டு வாசல் இருக்கிறது. கோர்ட்டில் கிளப் கேட்பது பணம். கால்பந்து சம்மேளனத்திடம் கேட்பது பணமும் தடையும். நம் பிள்ளைகளுக்கு அதிகம் வலிப்பது இரண்டாவதுதான். நான்கு மாதம் அதிகாரப்பூர்வ ஆட்டம் ஆடக்கூடாது என்றால், நம் நாட்டின் சின்ன சீசனில் பாதி போய்விடும்.

2024-இல் நாடே பார்த்த உதாரணம் அன்வர் அலி. பஞ்சாபைச் சேர்ந்த டிஃபென்டர். டெல்லி எஃப்சி அவரை மோகன் பகான் அணிக்கு நான்கு ஆண்டு லோனில் (கடனாக ஆட) அனுப்பியிருந்தது. ஒரு சீசன் முடிந்ததும் அவர் அதை முறித்துக்கொண்டு ஈஸ்ட் பெங்கால் போனார். செப்டம்பர் 10 அன்று அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் வீரர் நிலைக் கமிட்டி அவருக்கு நான்கு மாதத் தடை விதித்தது. அவரும் டெல்லி எஃப்சியும் ஈஸ்ட் பெங்காலும் சேர்ந்து மோகன் பகானுக்கு 12.90 கோடி ரூபாய் தர வேண்டும் என்றது. அந்த இரண்டு கிளப்புகளுக்கும் இரண்டு பதிவுக் காலங்களுக்கு (வீரர்களைச் சேர்க்க அனுமதிக்கும் பருவங்கள்) புது வீரர்களைச் சேர்க்கத் தடை. ஆனால் சில நாள்கூட அந்த உத்தரவு நிற்கவில்லை. காரணங்களை எழுதாமல் தண்டித்ததை எதிர்த்து தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனதும், கமிட்டி உத்தரவைத் திரும்பப் பெற்று மறுபடி விசாரிக்க ஒப்புக்கொண்டது. தடை என்றால் கைகட்டி உட்கார்ந்துவிட வேண்டியதில்லை, அதையும் எதிர்க்கலாம் என்பதற்காகவே இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

காண்ட்ராக்ட்ல 25 லட்சம் நஷ்டஈடுன்னு போட்டிருக்கு. முழுசும் கட்டணுமா?

இந்தக் கேள்விக்கு அம்மாமார் அழுதுகொண்டே வருவார்கள். மாதம் 20 ஆயிரம் சம்பளம் வாங்கும் பையனுடைய காகிதத்தில் 25 லட்சம் என்று பேனாவால் நிரப்பியிருக்கும். அச்சடித்த ஒப்பந்தத்தில் அந்த ஒரு இடம் மட்டும் காலியாக விடப்பட்டு, பிறகு எழுதப்பட்டது பார்த்தாலே தெரியும்.

எழுதிய தொகை அப்படியே கொடுக்க வேண்டிய தொகை அல்ல. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74-இன்படி அது மேல்வரம்பு. அதற்குள் நியாயமான ஈட்டைத்தான் கோர்ட் தரச் சொல்லும். 1963-இல் ஃபதே சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. பயிற்சிச் செலவு, கொடுத்த முன்பணம், சீசன் நடுவில் மாற்று ஆளைப் பிடிக்க ஆன செலவு போன்றவற்றைக் கிளப் காட்ட வேண்டும். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: தொகை நியாயமாக இருந்தால் கோர்ட் அதை அப்படியே ஏற்கும். மூன்று ஆண்டு முடியும் முன் வேலையை விட்டால் 2 லட்சம் ரூபாய் என்று ஒரு வங்கி எழுதி வாங்கிய நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது.

உலகக் கால்பந்து வழக்குகளிலும் கணக்கு ஒரே மாதிரி வருவதில்லை. ஸ்காட்லாந்தின் ஹார்ட்ஸ் கிளப்பை 2006-இல் விட்டுப் போன ஆண்டி வெப்ஸ்டர் கொடுக்க வேண்டி வந்தது 1,50,000 பவுண்டு. ஷாக்தார் டோனெட்ஸ்கை 2007-இல் விட்டுப் போன மதுசலேம் என்ற பிரேசில்காரருக்கு விழுந்தது சுமார் 1 கோடியே 18 லட்சம் யூரோ. அதைக் கட்டாததால் அவரைக் கால்பந்திலிருந்தே ஒதுக்கிவைக்கப் பார்த்தார்கள். ஒருவருடைய பிழைப்பையே அப்படி முடக்கக் கூடாது என்று சுவிட்சர்லாந்து உச்ச நீதிமன்றம் 2012-இல் அந்தத் தடையை ரத்து செய்தது.

ரிலீஸ் தொகைன்னு ஒண்ணு போட்டிருக்கே, அதுவும் நஷ்டஈடும் ஒண்ணா?

இல்லை. ரிலீஸ் தொகை என்பது முன்கூட்டியே பேசிவைத்த வெளியேறும் விலை. அதைக் கட்டினால் ஒப்பந்தப்படியே வெளியே வருகிறீர்கள், மீறல் இல்லை, தடையும் வராது. அனேகமாகப் புது கிளப்தான் அதைக் கட்டும். ஒப்பந்தம் போடும்போது எதைக் கேட்டு வாங்குகிறீர்களோ இல்லையோ, இதைக் கேட்டு வாங்குங்கள்.

பயலுக்குப் பதினேழு வயசு. அவன் ஒப்பு போட்டது செல்லுமா?

அவன் ஒருவனே போட்டிருந்தால் செல்லாது. 18 வயது ஆகாதவர் போடும் ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே வெற்றுக் காகிதம் என்று 1903-இல் மோகரி பீபி வழக்கில் தீர்ப்பு வந்தது, இன்றும் அதுதான் சட்டம். 18 ஆன பிறகு ‘பழைய காகிதத்தையே ஏற்கிறேன்’ என்று சொன்னாலும் உயிர் வராது. புதிதாகப் போட வேண்டும். அகாடமிக்காரர்களுக்கு இது தெரியும். அதனால்தான் அப்பாவையும் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குகிறார்கள்.

உலகக் கால்பந்து அமைப்பான பிஃபாவின் விதிகளின்படி 18-க்குக் கீழே உள்ளவருக்கு மூன்று ஆண்டுக்கு மேல் ஒப்பந்தம் போடக் கூடாது. மற்றவர்களுக்கு ஐந்து ஆண்டு. ‘பத்து வருசம் எங்க அகாடமிக்கே’ என்று எழுதிய ஒரு காகிதத்தை நானே கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். பையனுக்கு அப்போது வயது 15. அதே சமயம், வளர்த்துவிட்ட அகாடமிக்கு ஒன்றுமே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். பயிற்சி ஈட்டுத்தொகை என்று ஒன்று உண்டு. அதைக் கொடுக்க வேண்டியது பையனைச் சேர்க்கும் புது கிளப், பையன் அல்ல.

நான் ஜாமீனா ஒப்பு போட்டேன். அவன் வந்துட்டா என் வீடும் போட்டும் போகுமா?

ஜாமீன் போட்டவர் மகனுக்குச் சமமாகப் பொறுப்பு, ஒப்பந்தச் சட்டம் பிரிவு 128. அப்பா என்ற காரணத்துக்காக மட்டும் பொறுப்பு வராது. ஆகவே காகிதத்தில் ‘காப்பாளர்’ என்று போட்டீர்களா, ‘ஜாமீன்தாரர்’ என்று போட்டீர்களா என்பதை முதலில் பார்க்க வேண்டும். மைனர் பிள்ளையின் ஒப்பந்தத்துக்கு ஜாமீன் போட்டிருந்தால் அதில் வாதாட இடம் இருக்கிறது. அப்படிப்பட்ட காகிதத்தோடு வருகிறவர்கள் தாமதிக்காமல் வாருங்கள்.

எப்படியானாலும் நோட்டீஸ் வந்த மறுநாள் யாரும் வந்து போட்டை இழுத்துக்கொண்டு போக முடியாது. கிளப் வழக்குப் போட்டு, டிகிரி (கோர்ட்டின் தீர்ப்பாணை) வாங்கி, பிறகு நிறைவேற்று மனு போட வேண்டும். அப்போதும் கூலித் தொழிலாளியின் கூலியை ஜப்தி செய்ய முடியாது. வசதி இல்லாத ஒருவரைக் கடனுக்காகச் சிறையில் அடைக்கக் கூடாது என்று 1980-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது; வசதி இருந்தும் வஞ்சகமாகக் கட்டாமல் இருப்பவர் கதை வேறு. இனிமேல் ஒப்பு போடப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: காப்பாளராகப் போடுங்கள், ஜாமீனாகப் போடாதீர்கள்.

மூணு மாசமா சம்பளம் இல்ல. பிள்ள வந்துட்டா அவன்மேல தப்பா?

தப்பு கிளப்மேல்தான். ஆனால் வந்த விதத்தில் தப்பு இருந்தால் பழி பிள்ளைமேல் விழும். என்னிடம் வருவதில் இந்த வகை வழக்கே அதிகம், எனக்கு மனசு வேகும் இடமும் இதுதான். சம்பளம் தராதவர்கள் வழக்குப் போடுகிறார்கள், சம்பளம் கிடைக்காதவன் ஒளிந்து திரிகிறான்.

பிஃபா விதி 14 பிஸ் தெளிவாகவே இருக்கிறது. குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் சட்டவிரோதமாக நிலுவையில் இருந்தால், வீரர் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, கட்டுவதற்கு 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்குள் முழுவதும் தரவில்லை என்றால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்கலாம். தடை இல்லை, நஷ்டஈடு கட்ட வேண்டியதில்லை; கிளப்தான் பாக்கியும் ஈடும் தர வேண்டும்.

கடலுக்குப் போன அந்தப் பையனுக்கும் இரண்டரை மாதச் சம்பளம் பாக்கி இருந்தது. மேனேஜரிடம் நேரில் கேட்டான், போனில் கேட்டான், எழுத்தில் கேட்கவில்லை. ஒரு விடியற்காலை பையைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறிவிட்டான். கிளப் உடனே ‘அனுமதி இல்லாமல் பயிற்சிக்கு வரவில்லை’ என்று எழுதி அனுப்பியது. அவன் செய்திருக்க வேண்டியது இவ்வளவுதான். எந்தெந்த மாதம், எவ்வளவு பாக்கி, எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்று நாலு வரி எழுதி மெயிலிலும் ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்புவது. அந்த 15 நாளும் தவறாமல் பயிற்சிக்குப் போவது. பதினாறாம் நாள் வங்கிக் கணக்கின் ஸ்டேட்மென்ட்டை எடுத்துவைத்துக்கொண்டு முறிவுக் கடிதம் அனுப்புவது. அதற்குப் பிறகு அதே ரயிலில் ஏறியிருந்தால் நோட்டீஸ் அனுப்பும் இடத்தில் அவன் இருந்திருப்பான்.

சம்பளம் வருது, ஆனா பெஞ்சிலயே இருத்துதாங்க. அது காரணம் ஆவாதா?

சீசனின் மொத்த அதிகாரப்பூர்வ ஆட்டங்களில் 10 சதவீதத்துக்கும் குறைவாக ஆடவிட்டிருந்தால், நிலைபெற்ற வீரர் (பயிற்சிக் காலத்தை முடித்துத் தேர்ந்தவர்) ஒருவர் அதைக் காரணமாகக் காட்டி முறிக்கலாம். கிளப்பின் கடைசி ஆட்டம் முடிந்து 15 நாளுக்குள் செய்ய வேண்டும். தடை வராது, நஷ்டஈடு வரலாம். முதல் வருடம் போன இளம் பையன்களுக்கு இது எளிதில் கிடைக்காது, ‘நிலைபெற்ற’ என்ற சொல் அங்கே இடறும். கோச் திட்டினார், சாப்பாடு பிடிக்கவில்லை, ஊர் நினைவு வந்தது என்பதெல்லாம் காரணமாக நிற்காது.

சீசன் நடுவுல வர்றதுக்கும் முடிஞ்ச பிறகு வர்றதுக்கும் வித்தியாசம் உண்டா?

நிறைய உண்டு. நியாயமான காரணம் இல்லாமல் சீசன் நடுவில் ஒருதலையாக முறிக்கவே கூடாது என்பது விதி. அதற்கு மேல் ‘பாதுகாக்கப்பட்ட காலம்’ என்று ஒன்று இருக்கிறது. 28 வயது ஆகும் முன் போட்ட ஒப்பந்தம் என்றால் முதல் மூன்று சீசன் அல்லது மூன்று ஆண்டு, 28-க்குப் பிறகு போட்டது என்றால் இரண்டு. இதற்குள் நியாயமான காரணம் இல்லாமல் விட்டால் நான்கு மாதத் தடை, நிலைமை மோசமாக இருந்தால் ஆறு மாதம். அந்தக் காலம் தாண்டிய பிறகு, சீசன் முடிவில் முறையாகச் சொல்லிவிட்டு வந்தால், பணம் மட்டும்தான் பேச்சு. மேலே சொன்ன வெப்ஸ்டரும் அந்தக் காலம் தாண்டிய பிறகுதான் வெளியே வந்தார்.

இன்னும் ஆறு மாசம் இருக்கு. வேற கிளப்போட இப்பமே பேசலாமா?

கடைசி ஆறு மாதத்துக்குள் வந்துவிட்டால் பேசலாம், கையெழுத்தும் போடலாம். ஆட்டம் மட்டும் பழையது முடிந்த பிறகு. அதற்கு முன்பே என்றால், உங்களைக் கேட்டு வரும் கிளப் முதலில் உங்கள் இப்போதைய கிளப்புக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கிரிக்கெட்டில் இதன் கடுமை எல்லோருக்கும் தெரியும். இன்று பெரிய நட்சத்திரமான ரவீந்திர ஜடேஜா, விதியை மீறி வேறு அணியோடு பேரம் பேசியதற்காக 2010 ஐபிஎல் சீசன் முழுவதும் ஆட முடியாமல் வெளியே இருந்தார்.

‘நீ வா, நாங்க பாத்துக்கிடுதோம்’னு கூப்பிட்ட கிளப்புக்கு ஒண்ணும் வராதா?

வரும். பல ஆண்டுகளாக இருந்த பிஃபா விதி என்னவென்றால், முறித்து வந்த வீரரை எடுத்த கிளப்பும் சேர்ந்து பணம் கட்ட வேண்டும். அதுதான் தூண்டிவிட்டது என்றே வைத்துக்கொள்ளப்பட்டது. இரண்டு பதிவுக் காலத் தடையும் உண்டு. லசானா தியாரா என்ற பிரெஞ்சு வீரர் இதை எதிர்த்தார். மாஸ்கோ லோகோமோடிவ் கிளப்போடு 2014-இல் முறிந்தபோது அவர் 1 கோடியே 5 லட்சம் யூரோ கட்ட வேண்டும் என்று தீர்ப்பானது. அந்தச் சுமையும் சேர்ந்து வரும் என்று பயந்து புது கிளப் பின்வாங்கியது. 2024 அக்டோபர் 4 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அந்த விதிகளில் சில ஐரோப்பியச் சட்டத்துக்கு முரண் என்றது. அதற்குப் பிறகு பிஃபா விதியை மாற்றியிருக்கிறது. இப்போது புது கிளப் தூண்டியது என்பதைப் பழைய கிளப்தான் நிரூபிக்க வேண்டும்.

இது வீரருக்கு நல்லதா என்றால் ஒரு பக்கம் நல்லது, ஒரு பக்கம் இல்லை. வேலை கிடைப்பது எளிதாகும். ஆனால் பணம் கட்டும் நாள் வந்தால் புது கிளப் ‘நாங்கள் தூண்டவில்லை’ என்று ஒதுங்கிக்கொள்ளலாம். ‘பாத்துக்கிடுதோம்’ என்று சொல்பவர்களிடம், பழைய கிளப் கேட்கும் ஈட்டை நாங்களே கட்டுவோம் என்று ஒரு பத்தி எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அந்த வார்த்தையை நம்பிப் போகாதீர்கள்.

லீவுல மலப்புறத்துல போயி செவன்ஸ் ஆடினா அதுவும் மீறலா?

பெரும்பாலான கிளப் ஒப்பந்தங்களில் அனுமதி இல்லாமல் வேறு எங்கும் ஆடக் கூடாது என்று இருக்கும். இருந்தால் மீறல்தான். ஏழு பேர் அணியாக ஆடும் இந்தச் செவன்ஸில் ஒரு ராத்திரி ஆட்டத்துக்குக் கையில் கிடைக்கும் பணம் நம் வீடுகளுக்குப் பெரிது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அங்கே முட்டி போனால் கிளப்பின் சிகிச்சையும் போகும், சம்பளமும் நிற்கும், ஒப்பந்தத்தை முறிக்கக் காரணமும் அவர்கள் கையில் கிடைக்கும். ஆடப் போவதற்கு முன் அனுமதிக் கடிதம் கேளுங்கள். ஒப்பந்தம் போடும்போதே ‘சீசன் இல்லாத மாதங்களில் ஆடலாம்’ என்று சேர்க்கச் சொல்லிக் கேட்டால் சில கிளப்புகள் சேர்க்கும்.

கிளப்பு விட்டாச்சு, ஏஜென்ட் விட மாட்டேங்கான். காலம் முடிஞ்சாலும் என்கிட்ட கேட்டுத்தான் போணுமாம்.

அப்படி இல்லை. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானிடம் ஒரு மேனேஜ்மென்ட் நிறுவனம் இதையேதான் கேட்டது. ஒப்பந்தம் முடிந்த பிறகும், வேறு யாராவது கூப்பிட்டால் முதலில் எங்களிடம் காட்டு, அதே விலைக்கு எங்களுக்கே கொடு என்று நிபந்தனை. 2006-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. இரண்டாவது கேள்வியில் சொன்ன பிரிவு 27தான் காரணம். ஆனால் ஒப்பந்தக் காலத்துக்குள் பேசி முடித்த வேலைக்கு ஏஜென்ட்டுக்குக் கமிஷன் பாக்கி இருந்தால் அது கொடுக்க வேண்டிய கடன். இரண்டையும் கலக்க வேண்டாம்.

பாஸ்போர்ட்டையும் பிளஸ் டூ சர்டிபிகேட்டையும் பிடிச்சு வெச்சிருக்காங்க.

பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து என்று பாஸ்போர்ட் சட்டம் சொல்கிறது. அதை முடக்கும் அதிகாரம் பாஸ்போர்ட் அதிகாரிக்கு மட்டுமே. 2008-இல் உச்ச நீதிமன்றம் சிபிஐக்கே அந்த அதிகாரம் இல்லை என்றது. சிபிஐக்கு இல்லாதது ஒரு கிளப்புக்கு எங்கிருந்து வரும்? எழுத்தில் கேளுங்கள், நாள் குறியுங்கள், தராவிட்டால் இங்கே போலீஸில் புகார் கொடுக்கலாம். சர்டிபிகேட்டுக்கும் அதே வழி. கிளப் கேட்டால் நகல் கொடுங்கள்; அசலைக் காட்டிவிட்டு அப்போதே கையோடு வாங்கிவிடுங்கள்.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆயாச்சு. ஒரு வருசம் பாக்கி இருக்கு. என்ன செய்ய?

முதலில் அவளுக்கு ஆட்டத்தை விட மனசா என்று கேளுங்கள். மதுரை சேது எஃப்சி 2018-19 சீசனில் இந்திய மகளிர் லீக்கையே வென்றது. நம் பெண்களுக்கு முன்னால் இருக்கும் பாதை சின்னதல்ல. கல்யாணம் ஆனால் ஒப்பந்தம் தானாக முடிந்துவிடாது, ஆட்டமும் முடிய வேண்டியதில்லை. விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் பேசி, இரு தரப்பும் கையெழுத்திட்ட விடுவிப்புக் கடிதம் வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது.

கர்ப்பமானால் கிளப் ஒப்பந்தத்தை முறிக்கக் கூடாது. 2021-இலிருந்து பிஃபா விதிப்படி குறைந்தது 14 வார விடுப்பு, சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: பண டிகிரிக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது, சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 56.

எனக்கு நகலே தரல்ல. ஒப்பு போட்டது ஒண்ணு, பேசினது எல்லாம் வாட்ஸ்அப்ல. இது ஒப்பந்தமா?

ஆகலாம். நம் சட்டத்தில் வாய்மொழி ஒப்பந்தம்கூடச் செல்லும். முத்திரைத்தாள் இல்லை என்பதாலும் தப்ப முடியாது, பிறகு கட்டி நேர்செய்துகொள்ளும் குறை அது. ஆகவே வாட்ஸ்அப்பை அழிக்காதீர்கள், போனை மாற்றினால் பழையதை விற்காதீர்கள். சம்பளம் எவ்வளவு என்று அவர்கள் அனுப்பிய ஒரு வரி மெசேஜே உங்களுக்கு ஆதாரமாகும். நகல் கேட்டு ஒரு மெயில் அனுப்பிவிடுங்கள். தரவில்லை என்பதும் ஆதாரம்.

கேஸுன்னா கல்கத்தாவுக்கு ஓடணுமா?

ஒப்பந்தத்தில் ‘கொல்கத்தா கோர்ட்டுக்கு மட்டுமே’ என்று எழுதியிருந்து, அங்கே ஒப்பந்தமும் நடந்திருந்தால் அங்கேதான். அப்படி எழுதாவிட்டால் எதிராளி வசிக்கும் இடத்திலும் வழக்குப் போடலாம். உங்கள்மேல் போட வேண்டுமானால், ஒப்பந்தம் நடந்த இடத்தில் போடலாம், இல்லையென்றால் குழித்துறைக்கோ நாகர்கோவிலுக்கோ அவர்கள் வர வேண்டும். பல ஒப்பந்தங்களில் மத்தியஸ்தர் முறை இருக்கும். ‘மத்தியஸ்தரைக் கிளப் தலைவரே நியமிப்பார்’ என்று எழுதியிருந்தால் எதிர்ப்புத் தெரிவியுங்கள். முடிவில் ஆதாயம் உள்ள ஒருவர் தனியாக நியமிக்க முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சிவில் வழக்குக்கு மூன்று ஆண்டு, பிஃபா தீர்ப்பாயத்துக்கு இரண்டு ஆண்டு கெடு. வக்கீல் வைக்கக் காசு இல்லை என்றால் நாகர்கோவிலில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும், 18-க்குக் கீழே உள்ளவர்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் இலவசமாக வக்கீல் தருவார்கள். 15100-க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். பாய்ச்சுங் பூட்டியா முதல் தலைவராக இருந்து 2006-இல் தொடங்கிய இந்தியக் கால்பந்து வீரர்கள் சங்கமும் இப்படிப்பட்ட சம்பளத் தகராறுகளில் வீரர்கள் பக்கம் நிற்கிறது.

கபடி, கிரிக்கெட்டுக்கும் இதே கணக்குதானா?

ஒப்பந்தச் சட்டம் எல்லோருக்கும் ஒன்று. தடை விதிகள் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும், பிஃபாவின் 15 நாள், ஆறு மாதம் எல்லாம் அங்கே கிடையாது. ஏலத்தில் எடுக்கப்பட்ட பிறகு காயம் இல்லாமல் விலகும் வெளிநாட்டு வீரருக்கு ஐபிஎல்லில் இரண்டு சீசன் தடை. 2025-இல் இங்கிலாந்தின் ஹாரி புரூக் அதில் மாட்டினார். கபடி ஆடும் பிள்ளைகள் லீக்கின் விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கொண்டுவாருங்கள். ஒப்பந்தத்தில் ‘லீக் விதிகள் பொருந்தும்’ என்ற ஒற்றை வரிக்குள் அந்தப் புத்தகம் முழுவதும் அடங்கியிருக்கும்.

வக்கீல் நோட்டீஸ் வந்தாச்சு. இப்பம் முதல்ல என்ன செய்யணும்?

கிளப்புக்குப் போன் செய்யாதீர்கள். கோபத்தில் சொல்லும் ஒரு வார்த்தையைப் பதிவுசெய்து வைப்பார்கள். ‘தெரியாம வந்துட்டேன், மன்னிச்சிருங்க’ என்று மெசேஜும் அனுப்பாதீர்கள். சம்பளப் பாக்கி இருந்தவன்கூட அந்த ஒரு வரியால் குற்றத்தை ஒப்புக்கொண்டவன் ஆகிவிடுவான். கொடுத்த நாளுக்குள் வக்கீல் மூலம் பதில் போக வேண்டும். கடலுக்குப் போயிருந்த பையனுக்கு நாங்கள் தாமதமாகத்தான் பதில் அனுப்பினோம். ஆனால் வங்கி ஸ்டேட்மென்ட்டில் பாக்கி தெளிவாக இருந்ததால் கிளப் இறங்கி வந்தது. அவன் முன்பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தான், அவர்கள் என்ஓசி (ஆட்சேபமில்லாக் கடிதம்) கொடுத்தார்கள், நான்கு மாதம் கழித்து வேறு ஊரில் ஆடப் போனான். இரண்டரை மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

வரும்போது ஒப்பந்தம், பாஸ்புக், போன் மூன்றையும் கொண்டுவாருங்கள். நோட்டீஸ் வந்த கவரையும் கிழித்துப் போடாமல் எடுத்து வாருங்கள். எந்தத் தேதியில் அனுப்பினார்கள் என்ற தபால் முத்திரை அதில்தான் இருக்கிறது.